காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு எதற்குப் பூட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2000-களில் இணையக் கடைகளில் விலை கொடுத்து வாங்கிய பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு மின்னணுப் பூட்டோடுதான் வந்தன. டிஆர்எம் என்பார்கள். எத்தனை கணினியில் ஓடலாம், எத்தனை முறை சிடியில் எழுதலாம், எந்த பிளேயரில் கேட்கலாம் என்பதையெல்லாம் அந்தப் பூட்டு தீர்மானித்தது. அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் பலரிடம் அப்படி வாங்கிய கோப்புகள் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அவற்றைப் பற்றியும், இன்று மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுகளைப் பற்றியும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். பெரும்பாலும் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையை வைத்தே பேசுகிறேன். அன்றைக்கு விற்பனையில் முன்னால் நின்றது அதுதான்.

டிஆர்எம் பாட்டுக்கும் சாதாரண எம்பி3-க்கும் என்ன வித்தியாசம்?

எம்பி3 கோப்பை எந்த பிளேயரில் போட்டாலும் பாடும். யாரிடம் இருக்கிறது என்று கேட்காது. டிஆர்எம் கோப்பின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். கோப்பை நண்பருக்கு அனுப்பலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அவரிடம் சாவி இருக்காது, பாட்டு திறக்காது. ஒலித்தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஐட்யூன்ஸில் வாங்கிய பாட்டுக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் இருந்தன?

கடை அமெரிக்காவில் திறந்தது 2003 ஏப்ரல் 28. பாட்டு ஒன்று 99 சென்ட். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏஏசி என்ற ஒலிக்கோப்பு வடிவம், ஃபேர்பிளே என்ற பூட்டு, கோப்புப் பெயரின் கடைசியில் எம்4பி. (எம்பி4 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு கணக்கில் வாங்கியது 3 கணினிகளில் ஓடும். ஒரே பாட்டு வரிசையை (பிளேலிஸ்ட்) 10 முறை சிடியில் எழுதலாம். ஆப்பிளின் பிளேயரான ஐபாட் எத்தனை வைத்திருந்தாலும் எல்லாவற்றிலும் ஏற்றலாம்.

ஒரு வருடம் கழித்து, 2004 ஏப்ரலில், கணினி எண்ணிக்கையை 5 ஆக்கினார்கள். அதே கையோடு சிடி எண்ணிக்கையை 10-லிருந்து 7-ஆகக் குறைத்தார்கள். கவனிக்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே வாங்கி முடித்த பொருளின் விதியை விற்றவர் பிற்பாடு மாற்ற முடிந்தது. அந்த முறை மாற்றம் பெரிதாக யாரையும் பாதிக்கவில்லை. ஆனால் சிடி விற்ற கடைக்காரர் வீட்டுக்கு வந்து, 'இனிமேல் இதை இத்தனை முறைதான் போடலாம்' என்று சொன்னால் என்ன செய்திருப்போம்?

அந்தப் பூட்டு உள்ளே எப்படி வேலை செய்தது?

இரண்டு அடுக்குச் சாவி. பாட்டை ஒரு முதன்மைச் சாவியால் மறையாக்கம் செய்து, அந்தச் சாவியையே பூட்டி, கோப்புக்குள் வைத்துவிடுவார்கள். அதைத் திறக்க இன்னொரு சாவி வேண்டும். அது உங்கள் கணக்குக்கென்று உண்டாக்கப்பட்டது. நீங்கள் புதிய கணினியில் ஐட்யூன்ஸை நிறுவி, 'ஆதரைஸ்' (அனுமதி) கொடுத்தவுடன் அந்தக் கணினிக்கு ஓர் அடையாள எண் உருவாகி ஆப்பிள் சர்வருக்குப் போகும். சர்வர் உங்கள் கணக்கில் இதுவரை எத்தனை கணினி என்று எண்ணிப் பார்க்கும். ஐந்துக்குள் இருந்தால் கணக்குச் சாவிகளை எல்லாம் மொத்தமாக அனுப்பிவிடும். அவை உங்கள் கணினியிலேயே, அவையும் மறையாக்கம் செய்யப்பட்டு, சேமிக்கப்படும். அதனால்தான் இணைய இணைப்பு இல்லாமலும் பாட்டு ஓடியது.

ஆக, தினமும் கேட்கும்போது சர்வர் தேவையில்லை. கணினி மாற்றும் நாளில் மட்டும் தேவை. பின்னால் வரப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்பின.

கணினியை ஃபார்மட் செய்தால் ஐந்தில் ஒன்று போய்விடுமா?

போகலாம், அதுவும் சத்தமில்லாமல். ஃபார்மட் செய்வதற்கு முன்னால் 'டிஆதரைஸ்' (அனுமதி நீக்கம்) கொடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் சர்வரின் கணக்கில் அந்தப் பழைய கணினி அப்படியே உயிரோடு இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்ட அதே பெட்டி இரண்டாவது கணினியாகப் பதிவாகலாம். மதர்போர்டு போய் மாற்றினாலும் இதே கதைதான். வீட்டில் இருப்பது ஒரே கணினி, ஆனால் ஐந்தும் தீர்ந்துவிட்டது என்று பலர் விழித்ததற்கு இதுவே காரணம்.

ஐந்தும் நிரம்பிவிட்டால் கணக்குப் பக்கத்தில் 'டிஆதரைஸ் ஆல்' என்று ஒரு பொத்தான் வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கிவிடும். அதை வருடத்துக்கு ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.

7 முறைதான் சிடி எழுதலாம் என்றால், எட்டாவது முறை?

பாட்டு வரிசையில் ஒரு பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தால் அது புதிய வரிசை. மறுபடி ஏழு. கட்டுப்பாடு பாட்டின் மேல் இல்லை, வரிசையின் மேல்தான். ஒரே ஆல்பத்தை நூறு சிடியாக அடித்து விற்பவரைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படி எழுதிய ஆடியோ சிடியில் எந்தப் பூட்டும் கிடையாது. அதைத் திரும்பக் கணினியில் ஏற்றினால் கையில் இருப்பது பூட்டில்லாத பாட்டு. ஆப்பிளுக்கும் இசை நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவிட்டு முன்வாசலில் அத்தனை சாவி எதற்கு என்ற கேள்விக்கு யாரிடமும் உருப்படியான பதில் இருந்ததில்லை.

வேறு நிறுவனத்தின் பிளேயரில் அந்தப் பாட்டுகள் ஓடியதா?

ஓடவில்லை. ஃபேர்பிளேயை ஆப்பிள் மற்ற பிளேயர் நிறுவனங்களுக்குக் கொடுக்க மறுத்தது. 2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் என்ற போட்டி நிறுவனம், தான் விற்கும் பாட்டுகள் ஐபாடிலும் ஓடும்படி ஹார்மனி என்று ஒரு வழி கண்டுபிடித்தது. ஹேக்கர் வேலை என்று ஆப்பிள் சீறியது. சில மாதங்களில் புதிய ஐபாட் மென்பொருளில் அந்த வழியை அடைத்தும் விட்டது.

மைக்ரோசாஃப்ட் பக்கம் வேறு விதமான வேடிக்கை. பிளேஸ்ஃபார்ஷ்யூர் என்ற முத்திரையோடு பல கடைகளும் பல பிளேயர்களும் ஒரே பூட்டைப் பகிர்ந்துகொண்டன. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த பிளேயரான ஸூனைக் கொண்டுவந்தது. பிளேஸ்ஃபார்ஷ்யூர் பாட்டுகள் அதில் ஓடாது. தன் பூட்டைத் தன் கருவியே திறக்காத நிலை.

கடையை மூடிவிட்டால் வாங்கிய பாட்டுகள் என்ன ஆகும்?

கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2008-ல் ஒரே வருடத்தில் மூன்று முறை நடந்தது.

மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் 2006-லேயே விற்பனையை நிறுத்தியிருந்தது. 2008 ஏப்ரலில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு உரிமச் சர்வர்கள் (சாவி கொடுப்பவை) இயங்காது. அதாவது அன்றைக்கு எந்தக் கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில் தொடர்ந்து ஓடும். புதுக் கணினி வாங்கினாலோ, விண்டோஸை மாற்றினாலோ முடிந்தது கதை. எதிர்ப்பு கிளம்பியதும் 2011 முடியும்வரை சர்வரை ஓட்டுவதாகச் சொன்னார்கள். தண்டனை ரத்தாகவில்லை, தள்ளிப்போனது.

ஜூலையில் யாஹூ இதையே அறிவித்தது. செப்டம்பர் 30 கெடு. கூச்சல் வந்ததும் கூப்பனோ பணமோ கொடுக்க இறங்கி வந்தது. செப்டம்பரில் வால்மார்ட். அக்டோபர் 9-க்குள் எல்லாவற்றையும் சிடியில் எழுதிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னது. கடைசியில் வாடிக்கையாளர் எதிர்ப்புக்குப் பணிந்து சர்வரை ஓட விட்டது.

மூன்று பேரும் சொன்ன ஒரே வழியைக் கவனியுங்கள்: சிடியில் எழுதுங்கள், திரும்ப ஏற்றுங்கள். எந்தப் பூட்டைக் காப்பாற்ற அத்தனை பாடுபட்டார்களோ அதைச் சுற்றிப்போகும் பாதையை அவர்களே கைகாட்டினார்கள்.

சிடி வாங்கியவர்கள் தப்பித்தார்களா?

முழுக்க இல்லை. ஆடியோ சிடி 1982-ல் வந்தபோது அதில் மறையாக்கம் என்ற எண்ணமே இல்லை. பிற்பாடு வெளியிலிருந்து பூட்டு மாட்டப் பார்த்தார்கள். 2002-ல் ஐரோப்பாவில் சோனி கொண்டுவந்த கீ2ஆடியோ என்ற முறை, தட்டின் வெளி ஓரத்தில் தவறான தரவுத்தடம் ஒன்றை வைத்துக் கணினியைக் குழப்பும். அந்த ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்தால் போதும், பூட்டு காலி. 2003-ல் சன்காம் நிறுவனத்தின் மீடியாமேக்ஸ் வந்தது. சிடியைப் போடும்போது ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது நிறுவப்படாமலே போய்விடும் என்று பிரின்ஸ்டன் ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதினார். அந்த நிறுவனம் வழக்குப் போடுவதாக மிரட்டி, மறுநாளே பின்வாங்கியது. ஷிஃப்ட் பொத்தானைப் பற்றி எழுதியதற்கு வழக்கு!

சிரிப்போடு போகாதது 2005. சோனி பிஎம்ஜி வெளியிட்ட 52 ஆல்பங்களில் எக்ஸ்சிபி என்ற பூட்டு இருந்தது. சிடியை விண்டோஸ் கணினியில் போட்டதும் அது ஒரு மென்பொருளை நிறுவி, தன்னைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளும். வைரஸ் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் அதே ரூட்கிட் உத்தி. மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர் தன் கணினியில் இதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும் என்பதால், வைரஸ்காரர்களும் தங்கள் கோப்புக்கு அப்படியே பெயர் வைத்து ஒளிந்துகொண்டார்கள். கையால் நீக்கப் பார்த்தால் சிடி டிரைவே வேலை செய்யாமல் போனது. நிறுவனம் முதலில் கொடுத்த நீக்கும் கருவி இன்னொரு பாதுகாப்பு ஓட்டையைத் திறந்தது. நவம்பரில் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். 2007-ல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் செய்த உடன்பாட்டின்படி, கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது.

காசு கொடுத்து சிடி வாங்கியவருக்கு இந்தத் தொல்லை. அதே ஆல்பத்தைத் திருட்டுத்தனமாக எம்பி3-யாக இறக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பூட்டுப் போட்டதால் திருட்டு குறைந்ததா?

குறைய வழியே இல்லை. 2006-ல் உலகம் முழுக்க இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. அதே வருடம் அதே நிறுவனங்கள் சிடியில் பூட்டே இல்லாமல் விற்ற பாட்டுகள் 2,000 கோடிக்கும் மேல். இந்தக் கணக்கைச் சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ், 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த கடிதத்தில். ஒரு சிடி போதும், ஒருவர் ஏற்றினால் போதும், பாட்டு ஊருக்கே போய்விடும்.

பிறகு ஏன் பூட்டைக் கைவிட்டார்கள்? மனம் மாறினார்களா?

மனம் மாறவில்லை, கணக்கு மாறியது. பூட்டு வேண்டும் என்று ஆப்பிளிடம் நிபந்தனை போட்டவை யுனிவர்சல், சோனி பிஎம்ஜி, வார்னர், இஎம்ஐ ஆகிய நான்கு பெரிய நிறுவனங்கள். அந்தப் பூட்டே அவர்கள் கழுத்தை இறுக்கியது. ஐபாடில் ஓடும் ஒரே டிஆர்எம் ஃபேர்பிளே; அதன் சாவி ஆப்பிளிடம்; எல்லோர் கையிலும் ஐபாட். வேறொரு கடை வழியாக ஐபாட்காரர்களுக்கு விற்க வேண்டும் என்றால், பூட்டில்லாத எம்பி3-யாக விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. 99 சென்ட் விலையை மாற்ற ஆப்பிள் ஒத்துக்கொள்ளாததும் அவர்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் வழிக்கு வந்தது இஎம்ஐ. 2007 மே மாத இறுதியில் அதன் பாட்டுகள் ஐட்யூன்ஸில் பூட்டில்லாமல், 256 கேபிபிஎஸ் தரத்தில், 1.29 டாலருக்கு வந்தன. செப்டம்பரில் அமேசான் எம்பி3 கடை திறந்தது. 2008 ஜனவரிக்குள் நான்கு நிறுவனங்களும் அமேசானுக்குப் பூட்டில்லாமல் கொடுத்துவிட்டன. மற்ற மூன்றும் ஆப்பிளுக்கு மட்டும் ஒரு வருடம் போல இழுத்தடித்தன. 2009 ஜனவரி 6 அன்று இரண்டு பக்கமும் இறங்கி வந்தது தெரிந்தது: ஐட்யூன்ஸின் 1 கோடிப் பாட்டுகளில் 80 லட்சம் அன்றே பூட்டில்லாமல், மீதி மார்ச் இறுதிக்குள், பதிலுக்கு ஏப்ரலிலிருந்து 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என மூன்று விலை. ஏற்கெனவே வாங்கியவர்கள் பூட்டைக் கழற்ற பாட்டுக்கு 30 சென்ட் கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு முறை வாங்கியதற்கு மறுபடி காசு. இதை மட்டும் நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

இந்தியாவில் இந்தப் பூட்டு இருந்ததா?

ஐட்யூன்ஸ் இசைக் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பரில்தான். அதற்குள் பூட்டு போய்விட்டது. அதே வருடம் பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் திறந்த ஃபிளைட் கடையும் பூட்டில்லாத எம்பி3-தான் விற்றது. 2013 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே வாங்கி இறக்கிவைத்தவர்களின் பாட்டுகள் இன்றும் ஓடும். எம்எஸ்என் மியூசிக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பூட்டு என்பது என்ன என்று புரிந்துவிடும்.

நாம் நேரடியாக அனுபவித்த பூட்டு பட்டன் போன் காலத்தது. காசு கொடுத்து இறக்கிய ரிங்டோனை ப்ளூடூத்தில் நண்பருக்கு அனுப்பப் போனால் போன் மறுக்கும். அதற்கு ஃபார்வர்ட் லாக் என்று பெயர். அந்தப் போனோடு அந்த ரிங்டோனும் போய்ச்சேர்ந்தது. பர்மா பஜாரில் வாங்கிய, நூற்றுச் சொச்சம் பாட்டு அடங்கிய எம்பி3 சிடிக்கு அந்தக் கவலை இல்லை.

2005-ல் அமெரிக்காவில் வாங்கிய பாட்டுகள் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. இப்போது என்ன செய்வது?

முதலில் எது பூட்டியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐட்யூன்ஸில் பாட்டின் விவரப் பக்கத்தில் 'கைண்ட்' என்ற இடத்தைப் பாருங்கள். 'புரொடெக்டட் ஏஏசி' என்றிருந்தால் பூட்டு உண்டு. 'பர்சேஸ்டு ஏஏசி' என்றால் இல்லை. பூட்டியதை ஓட்ட, அன்றைக்கு வாங்கிய அதே ஆப்பிள் கணக்கு வேண்டும். பழைய மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கணக்கை மீட்கப் பாருங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கணக்கு கைக்கு வந்துவிட்டால் இரண்டு நேர்வழிகள். ஒன்று, சிடியில் எழுதித் திரும்ப ஏற்றுவது. ஏற்றும்போது எம்பி3-யாகச் சுருக்கினால் தரம் இன்னும் கொஞ்சம் குறையும். இடம் இருந்தால் தரம் குறையாத ஆப்பிள் லாஸ்லெஸ் அல்லது ஃபிளாக் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்களிடம் உள்ள பாட்டுகளை ஆப்பிளின் தொகுப்போடு பொருத்திப் பார்க்கும் ஐட்யூன்ஸ் மேட்ச் சந்தா. அது கிடைக்கும் நாடுகளில், பழைய எம்4பி-யை அழித்துவிட்டு 256 கேபிபிஎஸ் பூட்டில்லாத கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிள் மியூசிக் சந்தாவோடு இதைக் குழப்ப வேண்டாம். அதன் தொகுப்பிலிருந்து இறக்கும் பாட்டுகள் பூட்டோடுதான் வரும்.

பூட்டை உடைக்கும் மென்பொருள் கிடைக்கிறதே, பயன்படுத்தினால் குற்றமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1998-ல் வந்த டிஎம்சிஏ சட்டப்படி, பூட்டை உடைப்பதே தனிச் சட்டமீறல். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டு என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, கூடவே அபராதம். ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் இது பொருந்தும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-ஆம் பிரிவு ஏற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாங்கியவருக்கு இந்தியச் சட்டம் கொஞ்சம் கனிவாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். இது வக்கீல் ஆலோசனை இல்லை. உடைத்ததை ஊருக்கு விநியோகித்தால் எந்த நாட்டிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

பூட்டில்லாத பாட்டு என்றால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

தொழில்நுட்பம் தடுக்காது, பதிப்புரிமைச் சட்டம் தடுக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஐட்யூன்ஸ் பூட்டைக் கழற்றிய பிறகும் வாங்கியவரின் பெயரும் கணக்கு மின்னஞ்சலும் கோப்புக்குள் இருந்தன. நீங்கள் பகிர்ந்த கோப்பு யாருடையது என்று தேட வேண்டியதே இல்லை.

வாங்கிய பாட்டைப் பழைய சிடி போல விற்கலாமா?

அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம் அதற்கென்றே ஒரு சந்தை தொடங்கியது. விற்பவர் கணினியிலிருந்து கோப்பு நீங்கிவிடும், வாங்குபவருக்குப் போய்விடும் என்றார்கள். இசை நிறுவனமான கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட்டது. கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே புதிய பிரதி எடுப்பதுதான் என்று 2013-ல் கீழ் நீதிமன்றமும் 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. சிடியை விற்கலாம், கோப்பை விற்க முடியாது.

ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேனே, அது என்னுடையதுதானே?

இல்லை. அது முழுக்கப் பூட்டிய கோப்பு. 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். ஒரு கருவியில் 10,000 பாட்டு, மொத்தம் 5 கருவிகள். சந்தா நின்றால் டவுன்லோடும் நின்றுவிடும். வாடகைக்கு எடுத்த பொருள் என்று தெரிந்தே எடுப்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2003-ல் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தியவர் நிலைமைதான் வேறு. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, பின்னால் பறிக்கப்படக்கூடிய டிஜிட்டல் பொருளை, அது வெறும் உரிமம்தான் என்று சொல்லாமல் 'வாங்கு' என்று போட்டு விற்க முடியாது. நிரந்தரமாக இறக்கிவைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளுக்கு இந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது.

இன்றைக்குப் பூட்டில்லாமல் வாங்க வேண்டும் என்றால்?

ஐட்யூன்ஸ் கடை இன்னும் திறந்திருக்கிறது. அங்கே விலைக்கு வாங்கும் பாட்டுகளில் பூட்டு இல்லை. பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் எம்பி3, ஃபிளாக் என்று வேண்டிய வடிவத்தில் எடுக்கலாம். சினிமாப் பாட்டு அங்கே அதிகம் கிடைக்காது, தனிக் கலைஞர்கள்தான் அதிகம். பழைய சிடிகள் கிடைத்தால் அவையும் நல்ல சரக்குதான். எங்கே வாங்கினாலும் அன்றே இறக்கி இரண்டு இடத்தில் நகல் வைத்துவிடுங்கள். கடை தன் பட்டியலிலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டால் மறுபடி இறக்க முடியாமல் போகலாம், ஏற்கெனவே உங்கள் டிஸ்கில் இருப்பதை எடுக்க முடியாது.